கேட்டதெல்லாம் கொடுக்கலாமா?

நெடுநாள் கேட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டால் கேட்டவர் மனம் நிறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதன்று என்பதை ஒரு விளையாட்டின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

ஐஸ்லாந்து நாட்டின் சீ.சீ.பீ. நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் 'ஈவ் ஒன்லைன்' என்னும் விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. பல நாட்டவரும் இணையத்தின் வழியே ஒரே அண்டத்திற் கூடிக் கப்பலோட்டுவர், வாணிபஞ் செய்வர், போர் புரிவர். ஆனால், கப்பலை விட்டிறங்கி நடமாட இயலாது. விண்வெளி நிலையங்களிற் கால்பதித்து உலாவ வேண்டும் என்பது ஆடுவோர் பலரின் நெடுநாள் வேண்டுகோள்.

2011 ஜூன் மாதத்தில் அது நிறைவேறியது. கிடைத்ததோ ஓர் அறை மாத்திரமே. அங்கே சந்திக்க வேறொருவரும் இல்லை. செய்வதற்குத் தொழிலும் இல்லை. நூலகம் கேட்ட மாணவருக்கு நூல்களில்லாத கட்டடத்தைத் திறந்துவைத்தது போலாயிற்று. அலங்காரப் பொருள்களுக்கு வைத்த உயர்ந்த விலையும் சினத்தை வளர்த்தது. ஆடுவோர் 'ஜிட்டா' என்னும் சந்தைப் பகுதியிற் கூடி, அங்கு நின்ற நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினர். அவ்வாண்டு ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். அதே மாதத்தில் ஊழியருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரைக் குறைப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. 2017 இல் அவ்வறையே நீக்கப்பட்டது.

அப்படியானால் வேண்டுகோள்களைப் புறக்கணித்துவிடலாமா? கூடாது. பெரும் போர்களிற் கணினிகள் திணறி, இட்ட கட்டளைகள் நிறைவேறாது போவது மற்றொரு நெடுநாட் குறை. கூட்டம் மிகும்போது ஆட்டத்தின் வேகத்தைப் பத்திலொரு பங்கு வரை தாழ்த்தும் முறை 2012 ஜனவரியில் வந்தது. பார்வைக்குக் கவர்ச்சியற்ற ஏற்பாடுதான். ஆயினும், 2014 ஜனவரியில் 7,500க்கு மேற்பட்ட பாத்திரங்கள் பங்குகொண்டு, 21 மணி நேரம் நீடித்த பெரும் போரை அதுவே தாங்கி நின்றது.

முன்னையது ஆட்டத்திற்குப் புறம்பாய் நின்றது. பின்னையது ஆட்டத்தின் உயிர்நிலையைத் தொட்டது. செய்வோரின் கைகளும் நாள்களும் எண்ணிக்கைக்குட்பட்டவை. ஒன்றைச் செய்ய முற்படும்போது மற்றொன்று காத்திருக்க நேரும். ஆதலின், எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தல் ஆகாது. கிடைத்த மறுநாள் அதனைக் கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டறிந்த பின்னரே கைவைத்தல் நன்று.