சப்பானியத் தொடர்வண்டி ஓட்டும் ஆட்டங்கள்

தொடர்வண்டி ஓட்டுநரின் பணியை ஆடுபவரிடம் ஒப்படைக்கும் நிகழ்பட ஆட்டங்கள் சப்பானில் 1990களில் புகழ்பெற்றன. இசைக்கலைஞர் மினோரு முக்காயாவின் ஓங்ககுகான் நிறுவனம், உண்மையான இருப்புப் பாதைகளைப் படம்பிடித்து 1995-இல் 'டிரெயின் சிமுலேட்டர்' வரிசையைத் தொடங்கியது. டைட்டோ நிறுவனத்தின் 'டென்சா டி கோ!' 1996-இல் விளையாட்டுக் கூடங்களுக்கும், 1997-இல் பிளேஸ்டேசனுக்கும் வந்தது.

ஈர்ப்பு

இவற்றில் வீழ்த்த வேண்டிய எதிரி இல்லை. ஒரு கைப்பிடி வேகத்துக்கு, மற்றொன்று தடுப்புக்கு. கால அட்டவணை பிசகாமல் வந்து, நடைமேடையில் குறித்த இடத்தில் வண்டியை அதிராமல் நிறுத்துவதே வெற்றி. மக்கள் நாள்தோறும் காணும் ஓட்டுநரின் ஒழுங்கே இங்கு விளையாட்டாகிறது.

சரிவு

ஒவ்வொரு பாதையையும் நிலையம் நிலையமாக உருவாக்க உழைப்பு மிகுதி. தனிக் கைப்பிடிக் கருவி இல்லாவிட்டால் ஆட்டத்தின் சுவையும் குறையும். 2004-இல் வந்த டென்சா டி கோ ஆட்டத்துக்கு 'ஃபைனல்' என்றே பெயரிடப்பட்டது. 2017-இல் கூடங்களிலும் 2020-இல் வீடுகளிலும் அவ்வரிசை மீண்டும் தோன்றினாலும், அடுத்தடுத்துப் புதிய ஆட்டங்கள் வந்த காலம் திரும்பவில்லை.

ஆயினும் அந்த நுட்பம் அழியவில்லை. ஓங்ககுகான், தொடர்வண்டி நிறுவனங்களுக்கு ஓட்டுநர் பயிற்சிக் கருவிகளை உருவாக்கியது. கிழக்கு சப்பான் தொடர்வண்டி நிறுவனத்தின் பயிற்சிக் கருவியை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் 2022-இல் கணினிக்கு வந்தது. விளையாட்டாகத் தொடங்கியது, பயிற்சியாகி, மீண்டும் விளையாட்டானது.