அரக்குச் சிவப்பு

சிவந்த பட்டுப் புடவையைக் கண்டு, 'அரக்கு நிறம்' என்று பாட்டி கூறக் கேட்டிருப்பீர்கள். கடைத்தெருவில் 'லாக்' வளையல்களையும் பார்த்திருப்பீர்கள். தமிழில் அரக்கு எனப்படுவதே இந்தியில் 'லாக்' எனப்படுகிறது. அதனைத் தருவது ஒரு சிறு பூச்சி.

அரக்கு மிகுதியாக விளையும் மாநிலங்களுள் ஒன்று ஜார்க்கண்ட். அங்குள்ள புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களில் அரக்குப் பூச்சிகள் வாழ்கின்றன. புரசு, இந்தியில் 'பலாஷ்' எனப்படும். சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றது என்பர்.

உழவர்கள் முதலில் மரத்தைக் கவாத்துச் செய்வர். இளங்கிளைகள் துளிர்த்தபின், தாய்ப்பூச்சிகள் உள்ள குச்சிகளை அவற்றில் கட்டுவர். இக்குச்சிகளே விதை அரக்கு. அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் இளங்கிளைகளில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பிசினைச் சுரந்து தம்மை மூடிக்கொள்ளும்.

பிசின் வேறு, சாயம் வேறு. சிவப்புச் சாயம் பூச்சியின் உடலில் உள்ளது. சுரண்டி எடுத்த அரக்கை நொறுக்கி நீரில் கழுவினால், சாயம் கரையும், பிசின் தங்கிவிடும். படிகாரத்தின் துணையால் அச்சாயம் பட்டிலும் கம்பளியிலும் நன்கு பற்றும்.

1856ஆம் ஆண்டில் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். பின்னர் மலிவான ஆலைச் சாயங்கள் பெருகின. பிசினுக்கு மட்டும் விலை இருந்தது. சாயநீரோ கழிவாகக் கொட்டப்பட்டது. 1924ஆம் ஆண்டில் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்குமில் அரக்கு ஆய்வு நிறுவனம் தோன்றியது. இன்று இயற்கைச் சாயங்களை மக்கள் மீண்டும் நாடுகின்றனர்.

ஆயினும், விளைந்த அரக்கு முழுவதையும் விற்றுவிட்டால் அடுத்த பருவத்திற்கு விதை இராது. மரத்தையே வெட்டிவிட்டால் பூச்சிக்கு வாழ்விடம் இராது. ஆகவே, பணத்தேவை மிகுந்த காலத்திலும் உழவர் சில குச்சிகளை விதைக்கென ஒதுக்குகிறார். அவர் காப்பது பூச்சியை மட்டுமன்று. மரத்தையும் தம் பிழைப்பையும் சேர்த்தே காக்கிறார்.

சொற்பொருள்
கவாத்து – கிளைகளை அளவாக வெட்டுதல்
பிழைப்பு – வாழ்க்கைக்கான தொழில்

விடை தருக
1. அரக்கிலிருந்து சாயம் எவ்வாறு பிரிக்கப்படுகிறது?
2. உழவர் சில குச்சிகளை ஒதுக்கி வைப்பது ஏன்?