பாலத்துக்கு இப்பால் – 9: பதினைந்து நாள் பணம்

2023 ஜூன் 30, வெள்ளிக்கிழமையை வங்கி விடுமுறை நாளாக அரசாங்கம் சடுதியாக அறிவித்தது. முதல்நாள் ஹஜ்ஜுப் பெருநாள். அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் எசல போயா. ஆக, ஐந்து நாள் தொடர்ந்து நாட்டில் வங்கிக் கதவு திறக்கவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் நிறைவேற்றி முடிக்கும்வரை, மக்கள் பதறிப்போய் வைப்புப் பணத்தை அள்ளிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. வைப்பாளரின் பணத்தில் கைவைக்க மாட்டோம் என்ற வாக்கு காப்பாற்றப்பட்டது. சுமை ஊழியர் சேமலாப நிதியின் தலையில் விழுந்தது. ஏடிஎம் இயந்திரங்களும் வேலை செய்தன. அதனால் அந்த ஐந்து நாளை நாம் எளிதில் மறந்துவிட்டோம். மறந்திருக்கக் கூடாது. ஒரு வங்கிகூட நொடிக்காமலே எல்லா வங்கிகளின் கதவும் ஐந்து நாள் மூடப்படலாம் என்பதை அந்த வாரம் காட்டியது. ஏடிஎம்மும் சேர்ந்து நின்றிருந்தால் நம் மன்னார்த் தீவின் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தாழ்வுபாட்டிலும் எத்தனை வீடுகள் ஐந்தாம் நாள் மாலைவரை தாக்குப்பிடித்திருக்கும்? வங்கியை எட்ட முடியாத பதினைந்து நாளுக்கு வேண்டிய பணமும் பண்டமும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் வாதாட வந்த விடயம்.

மன்னார்த் தீவுக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். பெருநிலத்தோடு நம்மை இணைக்கும் வீதி ஒன்றே, அதுவும் ஒரு பாலத்தின் வழியே. அரிசி, எரிபொருள், மருந்து, வங்கிக்கு வரும் நோட்டுக்கட்டு எல்லாம் அந்தப் பாலத்தைக் கடந்துதான் வர வேண்டும். 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது; புதிய பாலம் திறக்கப்பட்டது 2010இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவர்களுக்கு வழி அறுவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இப்போது அந்த வழியோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்துகொண்டன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நம் கரையில் நூறு மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் நிற்கின்றன என்பதால் நமக்கு விளக்கு எரிந்துவிடாது. தேசிய மின்கட்டமைப்பு விழுந்தால் அவையும் நின்றுவிடும். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல மாவட்டங்களில் வீதி, மின்சாரம், கைத்தொலைபேசி மூன்றும் ஒருசேர அறுந்தன. வங்கிக் கணக்கில் எத்தனை இலட்சம் இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு றாத்தல் பாண் வாங்க உதவாது.

வங்கிகளை அரசாங்கம் விழ விடாது, விழுந்தாலும் காப்புறுதி இருக்கிறது என்பது முதல் மறுப்பு. இது வெறும் பேச்சல்ல. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை ஈடு தருகிறது. மன்னாரின் பெரும்பாலான சிறு வைப்புகள் அதற்குள் அடங்கிவிடும். 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் ரத்தானபோது அன்றைய உச்சவரம்பான 6 இலட்சம் வரை அத்திட்டம் கொடுத்தது. ஆனால் உரிமம் ரத்தான மறுநாள் காலையில் அந்தப் பணம் கைக்கு வருவதில்லை. காப்புறுதி முதலைக் காக்கும், அன்றைய சோற்றுக்கு அது பொறுப்பில்லை. எந்தக் காப்புறுதியும் இல்லாத ஒரு வங்கியையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1994இல் தொடங்கி வன்னியில் இயங்கிய தமிழீழ வைப்பகம் 2009 மேயோடு இல்லாமல் போனது. அதில் வைத்த பணம் வைத்தவர்களுக்குத் திரும்பவில்லை. அடைவு வைத்த நகைகளில் ஒரு பகுதி 2014 டிசம்பரில் சிலருக்குக் கிடைத்தது; இராணுவத்தின் பொறுப்பில் இருந்த மற்ற நகைகள் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள்! ஒரு தாலிக்கொடிக்காக ஒரு பெண் காத்திருக்க வேண்டிய காலமா அது?

நகை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் ஆபத்துக்கென்று நம்பியிருப்பது இரண்டை: கழுத்தில் கிடக்கும் தங்கம், கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவு. இரண்டுமே நல்ல துணைதான். ஆனால் இரண்டும் கைக்காசாக மாறுவது பெரும்பாலும் வங்கியின் வழியே. அடைவு பிடிப்பதும் வங்கி, வெளிநாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பதும் வங்கி. கதவு மூடிய அதே நாளில் இரண்டும் சேர்ந்து முடங்கும். நெருக்கடி நாளில் தனியாரிடம் தங்கத்தை விற்கப் போனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். தங்கம் நீண்ட காலத்துக்கான காவல், பதினைந்து நாளுக்கு நூறு ரூபா, ஐந்நூறு ரூபாத் தாள்கள்தான் வேண்டும். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மாற்றித்தரச் சின்னக் கடையில் காசு இராது.

வீட்டில் பணம் வைப்பது மூடத்தனம் என்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 73.7 சதவீதம். ஓர் ஆண்டுக்கு முன் பெட்டிக்குள் வைத்த 10,000 ரூபா, அந்த மாதம் ஏறக்குறைய 5,800 ரூபாவுக்குரிய பொருளைத்தான் வாங்கியது. களவு போகலாம், தீப்பிடிக்கலாம், கறையான் தின்னலாம். 1970இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கியதும், 2016 நவம்பரில் இந்தியா ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களைச் செல்லாததாக்கியதும் கட்டுக்கட்டாய்ப் பதுக்கியவர்களுக்குக் கிடைத்த அடிகள். இவை அத்தனையும் உண்மை. இவை எல்லாம் சேமிப்பு முழுவதையும் வீட்டில் குவிப்பதற்கு எதிரானவை. நான் சொல்வது பதினைந்து நாள் செலவை மட்டும். அந்தத் தொகை சிறிதென்பதால் பணவீக்கம் தின்பதும் சிறிது. மிச்சத்தைப் பண்டமாக வைத்தால் விலையேற்றம் அதை அண்டாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. கரையோரத்துச் சிறு படகுகள் கடலுக்குப் போக முடியாமல் நின்றன. அந்த வாரம் வீட்டில் அரிசியும் பருப்பும் கருவாடும் ஒடியலும் வைத்திருந்த குடும்பம், காசை மட்டும் வைத்திருந்த குடும்பத்தைவிட நிம்மதியாக உறங்கியிருக்கும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அன்றாடம் எடுக்கும் குளிசைகளை மேலதிகமாகப் பதினைந்து நாளுக்கு வைத்திருப்பதும் இதே கணக்கில் சேரும்.

எல்லாரும் வாங்கிக் குவித்தால் தட்டுப்பாடு வராதா என்று கேட்கிறார்கள். நெருக்கடி தொடங்கிய பிறகு ஓடினால் கட்டாயம் வரும். 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நின்ற வரிசைகளில் ஒரு பங்கு அந்தப் பதற்றத்தால் நீண்டது. கடைகள் நிறைந்திருக்கும் நாளில், வழக்கமாக வாங்குவதோடு வாரம் ஒரு கிலோ கூட்டி வாங்குவது யார் பங்கையும் பறிப்பதில்லை. அப்படி வாங்கிய வீடு, நெருக்கடி வந்ததும் வரிசையில் நிற்காமல் இல்லாதவருக்கு இடம் விடுகிறது. வசதி படைத்த நெதர்லாந்தின் மத்திய வங்கியே 2025இல், பெரியவர் ஒருவருக்கு 70 யூரோவும் பிள்ளைக்கு 30 யூரோவும் வீட்டில் தாளாக வைத்திருங்கள் என்று தன் மக்களுக்குச் சொன்னது. மூன்று நாளுக்கு என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒரே பாலத்தை நம்பியிருக்கும் நாம் பதினைந்து நாள் என்று கேட்பது மிகையல்ல.

கடைசி மறுப்புத்தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இல்லாதவன் எதை எடுத்து வைப்பான்? சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவருக்கும், நுண்கடன் தவணைக்கு வாராவாரம் முகம் கொடுக்கும் பெண்ணுக்கும், பதினைந்து நாள் பணம் என்பது எட்டாக் கனி. 2022 மார்ச் 22ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் பதினாறு பேர் படகேறித் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகோட்டி திரும்பிவிட்டார். அன்று எந்த வங்கியும் மூடியிருக்கவில்லை. அவர்களிடம் போய்ச் சேமியுங்கள் என்று சொல்வது கொடுமை. ஆகவே இந்தப் பொறுப்பைத் தனி வீட்டின் தலையில் மட்டும் கட்ட முடியாது. நம் தாய்மார் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த பிடியரிசி வழக்கத்தை ஊர் அளவில் செய்யலாம். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் வீட்டுக்கு நூறு ரூபா, ஒரு சுண்டு அரிசி என்று சேர்த்தால், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தில் ஊருக்கென்று ஓர் அரிசி இருப்புச் சேரும். கொடுக்க முடியாத வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்று தீர்மானம் எழுதி வைக்கலாம். சங்கத்தின் பணம் முழுவதும் வங்கிப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் சற்றுத் தளர்த்தி, மூவர் கையொப்பத்தோடு திறக்கும் பெட்டியில் ஒரு சிறு தொகையைத் தாளாக வைக்கலாம்.

ஐப்பசியில் வாடைமழை தொடங்கும். அதற்கு முன்பு கூடும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் இந்த ஒரு விடயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி உங்கள் செயலாளரிடம் கேளுங்கள். வீட்டில், இந்த மாதச் சம்பளத்திலோ அடுத்த நல்ல மீன்பாட்டிலோ முதல் நூறு ரூபாத் தாளை எடுத்து வையுங்கள்.