வெட்டிய பிறகும் எரியும் தீபம்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அந்த நேரத்தில்தான் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றுவார்கள். கணினித் திரைகளில் அதே மலைமேல் அதே தீபம் பல நாள் முன்னதாகவே எரியத் தொடங்கிவிடும். தீபத் திருநாள் வாழ்த்துக் காணொளிகளைச் சொல்கிறேன். பத்து விநாடி ஓடும் அந்தச் சின்னக் காணொளிக்குள் ஒரு பெரிய அறிவியல் இருக்கிறது.

வானம் ஒரு லேயர், மலை ஒரு லேயர், ராஜகோபுரம் ஒரு லேயர், சுடர் இன்னொன்று, வாழ்த்து எழுத்து மற்றொன்று. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுடரை வளர வைக்க எடிட்டர் இரண்டே இடத்தில் ‘கீ’ போடுகிறார், அதாவது இந்த நேரத்தில் இந்த அளவு என்று குறிக்கிறார். இரண்டாவது விநாடியில் சுடரின் அளவு 0, எட்டாவது விநாடியில் 100. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் நடுவே ஆறு விநாடிக்கு 150 ஃப்ரேம். அத்தனையிலும் சுடர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணினியே கணக்கிட்டு நிரப்பிவிடுகிறது.

ஒருகாலத்தில் இந்த வேலையை மனிதர்கள் கையால் செய்தார்கள். மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்டதை உதவியாளர்கள் தாள்தாளாக வரைந்து நிரப்புவார்கள். டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் இந்தியா வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்சி தந்தபோது, நம்மவர்கள் கற்றதும் இந்த முறையைத்தான். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்ற ராம் மோகன் அந்தப் பிரிவில் உருவானவர்.

உதவியாளரின் இடத்தில் கணினியை உட்காரவைத்தவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன். அவர்களுடைய மென்பொருளைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் எடுத்த ‘பசி’ என்ற குறும்படத்தில், ஒரு கோட்டோவியம் இன்னொன்றாக உருகி மாறிக்கொண்டே போகும். 1997இல் பர்ட்னிக், வைன் இருவருக்கும் அமெரிக்கத் திரைப்பட அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. இன்று கடைகடையாக ஓடும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் 1993இல் வெளிவந்தது. அது இந்த வழியில் வந்த வாரிசுதான்.

இனி நம் தீபத்துக்கு வருவோம். காணொளி நீளம் என்று வாடிக்கையாளர் சொல்கிறார். எடிட்டர் சுடர் லேயரின் முனையைப் பிடித்து ஐந்தாவது விநாடிக்கு இழுத்து டிரிம் செய்கிறார். இப்போது எட்டாவது விநாடியில் போட்ட கீ, லேயருக்கு வெளியே அநாதையாக நிற்கிறது. லேயரே அங்கே இல்லையே, இந்தக் கீ எதற்கு என்று அதை அழித்தால்? சுடர் ஏறவே ஏறாது. தொடக்கம் முதல் முடிவு வரை அளவு 0.

எனக்கு இது மிகவும் பிடித்த இடம். நாம் பார்ப்பது இரண்டாவது விநாடியிலிருந்து ஐந்தாவது வரை. அங்கே நடப்பதையோ எட்டாவது விநாடி தீர்மானிக்கிறது. திருவண்ணாமலையில் சென்னை பஸ்ஸில் ஏறிச் செஞ்சியில் இறங்குகிறவர் சென்னையைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் சென்னை இல்லாவிட்டால் அந்த பஸ்ஸே கிளம்பியிருக்காது. டிரிம் செய்வது, எது தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. அசைவின் கணக்கு அப்படியே இருக்கிறது. லேயரை இரண்டாகப் பிளந்தாலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கீக்களைப் பங்கு போடாது. இரண்டு துண்டிலும் எல்லாக் கீயும் பழைய இடத்திலேயே இருக்கும்.

வெளியே நிற்கும் கீயை எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் வெட்டும் இடத்தில், ஐந்தாவது விநாடியில், அப்போதைய மதிப்பில் ஒரு கீ போட வேண்டும். சுடர் ஒரே சீராக வளர்ந்தால் அங்கே அளவு 50; கதை முடிந்தது. ஆனால் நெருப்பு அப்படி வளர்வதில்லை. மெதுவாகப் பற்றி, வேகமெடுத்து, பிறகு நிதானத்துக்கு வர வேண்டும். அதற்கான ‘ஈஸி ஈஸ்’ வசதியைக் கொடுத்தால், சுடரின் அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் நேர்கோடு வளைகோடாகிறது. அப்போது 3.5ஆவது விநாடியில் சுடரின் அளவு 25 அல்ல, 15.6. ஐந்தாவது விநாடியில் அதே 50தான், ஆனால் அங்கேதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது. புதிய கீக்கும் பழக்கத்தில் ஈஸி ஈஸ் கொடுத்துவிட்டால், ஓடிக்கொண்டிருந்த சுடர் அங்கே தயங்கி நின்றுவிடும், 3.5ஆவது விநாடி மதிப்பும் 25க்குத் தாவிவிடும். கண் இதை உடனே கண்டுபிடிக்கும், காரணம் மட்டும் தெரியாது.

வளைகோட்டை அதன் வடிவம் குலையாமல் வெட்ட முடியுமா? முடியும். வழி கண்டவர் 1959இல் சிட்ரோன் கார் நிறுவனத்தில் இருந்த பால் டி காஸ்டல்ஜோ. அந்நிறுவனம் அதை ரகசியமாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே தன் ஆய்வை வெளியிட்டதால் வளைகோடு அவர் பெயரைப் பெற்றது. காஸ்டல்ஜோவின் முறையில் சரிபாதியில் வெட்டக் கூட்டலும் பாதியாக்கலும் போதும். நம் வளைகோட்டைப் பிடித்திருக்கும் நான்கு புள்ளிகளின் மதிப்புகள் 0, 0, 100, 100. பக்கத்துப் பக்கத்து எண்களின் நடுமதிப்பை எடுத்தால் 0, 50, 100. இன்னொரு முறை எடுத்தால் 25, 75. இன்னொரு முறை, 50. ஒவ்வொரு வரிசையின் முதல் எண்ணையும் பொறுக்கினால் 0, 0, 25, 50. வெட்டிய முன்பாதியின் புதிய புள்ளிகள் இவையே. இவற்றை வைத்து 3.5ஆவது விநாடியைக் கணக்கிட்டால் மறுபடியும் 15.6. வரிசைகளின் கடைசி எண்களைப் பின்னிருந்து பொறுக்கினால் பின்பாதி. இரண்டையும் ஒட்டினால் பழைய வளைகோடு, இம்மியும் பிசகாமல். கார் கதவின் வளைவுக்காகப் பிறந்த கணக்கு சுடருக்கும் அப்படியே பொருந்துவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையை வரைபடத்தில் காட்டும்போது சிக்கல் வேறு. 14 கிலோமீட்டர், இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றிலும் சம நேர இடைவெளியில் கீ போட்டால், லிங்கங்களுக்கு இடையிலான தூரம் ஒன்றாக இல்லாததால், வரைபடத்தில் நகரும் புள்ளி ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் ஊரும். நடுக் கீக்களின் நேரத்தை மட்டும் மென்பொருளின் பொறுப்பில் விடும் வசதி உண்டு. இடம் மாறாது, வேகம் சீராகும்படி நேரம் தானே நகர்ந்துகொள்ளும்.

டிரிம் செய்த தீபக் காணொளியை அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் திரும்ப அழைப்பார், இன்னும் இரண்டு விநாடி வேண்டும் என்று. எட்டாவது விநாடிக் கீயை அழிக்காமல் வைத்திருந்தால், லேயர் முனையை ஏழாவது விநாடிவரை இழுத்துவிட்டால் போதும். ஐம்பதில் நின்ற சுடர் விட்ட இடத்திலிருந்து, உரிய வேகத்தோடே, மேலே வளரும்.