பிரேக் ஆயிலுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

பூம்புகார்க் கடற்காற்றில் உப்பு ஜாடி கசிகிறதல்லவா, காரின் பிரேக் ஆயிலும் அதே சாதிதான். அது எண்ணெய் அல்ல. ஈரத்தை இழுக்கும் கிளைக்கால் ஈதர் திரவம். மூடியின் காற்றுத்துளை, ரப்பர் குழாய்கள் வழியே நீராவி மெல்ல நுழையும்.

நுழைந்தால் என்ன? புதிய டாட் 4 (DOT 4) வகை பிரேக் திரவம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155தான். சீர்காழிச் சமவெளியில் ஓட்டும்வரை வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக் சூட்டில் திரவம் கொதித்துக் குமிழி கட்டலாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த அழுத்தம் சக்கரத்தை எட்டாமல் பெடல் தரைவரை போய்விடும்.

அதனால்தான் பொதுவாக 2 ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மெக்கானிக் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த பழைய டப்பாவிலிருந்து மட்டும் ஊற்ற விடாதீர்கள். அதிலும் ஈரம் ஏறியிருக்கும்.