உங்களுக்குத் தெரியுமா? மாடத்துக் காதலைத் தமிழுக்குத் தந்த அமெரிக்கர்

1937-இல் ‘அம்பிகாபதி’ திரைக்கு வந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். ஓஹியோவில் பிறந்த அமெரிக்கர், தமிழ் தெரியாதவர்! கம்பர் மகனுக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் மலரும் காதலுக்கு அவர் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். புகழ்பெற்ற மாடக் காட்சியின் சாயலில் தமிழ் வசனம் எழுதித் தந்தவர் இளங்கோவன். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்தபோது அது நம் மண்ணின் காதலாகவே ஆகிவிட்டது.

அமெரிக்க நடிகர்களுக்கு ஷேக்ஸ்பியர் வசப்படுமா என்ற கேள்வி ஹாலிவுட்டிலும் உண்டு. 1953-இல் ‘ஜூலியஸ் சீசர்’ படத்துக்கு மார்லன் பிராண்டோவை மார்க் ஆண்டனியாகத் தேர்ந்தெடுத்தபோது, அவர் வாயில் வசனம் புரியுமா என்று பலர் ஐயப்பட்டார்கள். படத்தில் காசியஸாக நடித்த ஆங்கில நடிகர் ஜான் கீல்குட்டிடம் அவர் வசனப் பயிற்சி கேட்டுப் பெற்றார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

அதே 1953-இல் ‘அன்பு’ படத்தின் நாடகக் காட்சியில் சிவாஜி கணேசன் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகத் தமிழிலேயே முழங்கினார். பிறகு ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் அதே ஒத்தெல்லோ ஆங்கிலத்தில் வந்தான். பொறாமையில் வெந்து சாகும் அந்தத் தளபதிக்கு எந்த நாட்டு உச்சரிப்பும் தடையில்லை என்பதற்கு சிவாஜியின் கண்களே போதும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.