நிமிடம் விற்ற கடை

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஒரு காலத்தில் 'கொமினிகேஷன்' கடைப் போர்டு கண்ணில் படாமல் நடக்க முடியாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் டெலிபோன் இல்லை; துரை பங்களாவிலும் தோட்ட ஆபீஸிலும்தான் இருந்தது. குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போன அம்மாவோடு பேசப் பிள்ளைகள் டவுனுக்குத்தான் வர வேண்டும்.

அந்தக் கடை விற்றது நிமிடம். வெளிநாட்டுக்கு நேரடியாக எண் அடிக்கும் ஐ.டி.டி. லைன் கடை முதலாளி பெயரில் இருக்கும். டெலிபோன் கம்பனியின் பில் அவருக்கு மாதம் ஒருமுறைதான் வரும். நம்மிடம் அவர் அன்றன்றைக்கே கையில் காசு வாங்கிவிடுவார். கம்பனி கேட்கும் விலைக்கும் அவர் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வாடகை, கரண்ட், லாபம் எல்லாம்.

கணக்கு எந்த நொடியில் தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். 00965 அடித்து, அங்கே ஆள் எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் இந்த லைனுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். லைனில் மின்னோட்டத்தின் திசை மாறும், அல்லது காதுக்குக் கேட்காத துடிப்பு வரும். மேசை மேலிருக்கும் மீட்டர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். அந்தச் சமிக்ஞை வராத லைனில், எண் அடித்துச் சில விநாடி போனதும் மீட்டர் தானாகவே எண்ணும். மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டாலும் காசுதான். "பேசவே இல்லையே அண்ணே!" என்ற சண்டை இப்படியும் வரும்.

அடுத்தது முழு நிமிடக் கணக்கு. 1 நிமிடம் 10 விநாடி பேசினால் 2 நிமிடக் காசு. நிமிடம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: பேசியது ஏறக்குறைய 117 ரூபாய்க்கு, கொடுப்பது 200. கொழுந்து பறித்து நாட்சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அந்த 83 ரூபாய் பெரிய காசு. அதனால்தான் மீட்டரில் ஓடும் சிவப்பு விநாடி எண் 50ஐத் தாண்டியதும் பிள்ளையின் கண் அங்கேயே போய்விடும். 58இல் "வச்சிர்றேன்மா."

லண்டன், டொரொண்டோ தமிழ்க் கடைகளில் விற்ற கோல் கார்ட்டும் இதே வியாபாரம்தான், உள்ளே நின்று பேசும் கூண்டு மட்டும் கிடையாது. நிமிடங்களை மொத்தமாக வாங்கி, சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண்ணாக விற்றார்கள். சில கார்ட்டுகளில் இணைப்புக் கட்டணம் தனி, மூன்று மூன்று நிமிடமாகக் கழிவு, வாரத்துக்கு ஒரு பராமரிப்புப் பிடிப்பு. இவையெல்லாம் பொடி எழுத்தில்.

இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகள் மீது ஸ்ரீலங்கா டெலிகொம்முக்கு இருந்த ஏகபோகம் 2002இல் முடிந்தது. மற்ற கம்பனிகளும் வந்தன, விலை இறங்கியது, கைபேசி லயத்துக்குள் நுழைந்தது. இப்போது அம்மா இமோ செயலியில் முகம் காட்டிப் பேசுகிறார். அந்தக் கடைகளில் மிஞ்சியவை ரீலோட் போடுகின்றன, போட்டோ கொப்பி எடுக்கின்றன.